ஊழியம் என்கிற சொல்

சுசீந்திரத்தில் என் அத்தை வீட்டு முன்னறையில் ஒரு சுவர்க்கடிகாரம் தொங்குகிறது. தங்க நிற விளிம்பு வைத்த, வட்டமான பிளாஸ்டிக் கடிகாரம். முகப்பில் அத்தையின் பெயர், 1983 – 2014 என்ற ஆண்டுகள், 'அர்ப்பணிப்பு மிக்க சேவைக்கு நன்றி' என்ற வரி. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மருத்துவமனையில் அத்தை 31 வருடம் ஆயாவாக இருந்தார். பிரசவ வார்டில் ரத்தம் தோய்ந்த துணிகளை அலசினார், பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டினார், இறந்தவர்களைத் துடைத்துக் கட்டிக் கொடுத்தார். ஓய்வு பெற்ற நாளில் ஒரு சேலையும் ஒரு பொன்னாடையும் இந்தக் கடிகாரமும் கொடுத்து, வாழ்த்துரை வழங்கி, ஆட்டோ வைத்து அனுப்பினார்கள்.

"கிராஜுவிட்டி எவ்வளவு தந்தாங்க அத்தே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கவர்மென்டுக்காரங்களுக்கு மக்ளே. நமக்கு இது ஊழியம் இல்லியா?" என்றார்.

வருத்தத்தோடு சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னார். அந்தப் பெருமையை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் பல வருடங்கள் தெரியவில்லை. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் கைபட்டுப் பிழைத்த பிள்ளைகள் இன்றும் தெருவில் அவரைக் கண்டால் வண்டியை நிறுத்துகிறார்கள். ஆனால் அந்தப் பெருமைக்கு விலையாக அவரிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டார்கள் என்ற எண்ணமும் போகவில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இன்றைய தமிழில் ஊழியர் என்றால் சம்பளம் வாங்குபவர். அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்கிறோம். எங்கள் மாவட்டத்துத் தேவாலயங்களில் ஊழியம் என்றால் இறைப்பணி. தமிழ் விவிலியம் பழகியவர்களுக்கு ஊழியக்காரர் என்பது மதிப்பான சொல். இந்த இரண்டுக்கும் முன்னால் அதற்கு இன்னொரு பொருள் இருந்தது. திருவிதாங்கூர் அரசில் ஊழியம் என்றால் கூலி கொடுக்காமல் வாங்கும் கட்டாய வேலை. ஒரே சொல் உரிமையாகவும் பக்தியாகவும் அடிமைத்தனமாகவும் இருந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. பெண்களின் உழைப்பு என்று வரும்போது எந்தப் பொருள் மேலே வரவேண்டும் என்பதை வேறு யாராவதுதான் முடிவு செய்திருக்கிறார்கள்.

*

அத்தை வீட்டிலிருந்து நடந்தால் சில நிமிடங்களில் தெப்பக்குளம். அதைத் தாண்டினால் தாணுமாலயன் கோயில் கோபுரம். இந்தக் கோயிலின் வரலாற்றை எழுதிய கே.கே. பிள்ளையின் நூல் 1953இல் வந்தது. ஒரு கோயில் எப்படி நிலவுடைமையாளராகவும் நீதிமன்றமாகவும் வேலை கொடுப்பவராகவும் இருந்தது என்று அறிய விரும்புபவர்கள் இன்றும் அந்த நூலுக்குத்தான் போகிறார்கள். தர்மம் செய்யும் பெரிய நிறுவனத்தில் பெண் வேலை பார்ப்பது என்பது மிஷனரிகளோடு வந்த வழக்கமல்ல. அது கோயிலில் தொடங்கியது.

மிகப் பழைய, மிகத் தெளிவான சான்று தஞ்சாவூரில் இருக்கிறது. ராஜராஜன் 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகக் குறித்து, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் வருமானமுள்ள ஒரு பங்கும் ஒதுக்கினான். அவர்களில் ஒருத்தி இறந்தால் அடுத்த உறவினரில் தகுதியானவருக்கு அந்தப் பங்கு சேரும். வீடு, ஊதியம், வாரிசுக்கு வேலை என மூன்றும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண்ணின் பணி நிபந்தனைகள் இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டது வேறெங்காவது உண்டா என்று வகுப்பில் மாணவிகளைக் கேட்பேன். அதே சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல்லும் வருகிறது. கூலியில்லாமல் ஊராரிடம் வாங்கும் வேலைக்கு அந்தப் பெயர். இன்று நாம் 'வெட்டி வேலை' என்று அலட்சியமாகச் சொல்வதற்குள் ஊதியம் மறுக்கப்பட்ட எத்தனையோ தலைமுறைகள் இருக்கின்றன.

நாஞ்சில் நாட்டுக் கோயில்களிலும் பெண்கள் பணி செய்தார்கள். குடிக்காரிகள் என்பது அவர்களுக்கான பெயர். அன்றாட முறைக்கு வருபவர்கள் முறைக்குடி, திருவிழாக்களுக்கு வருபவர்கள் சிறப்புக்குடி. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், இவர்கள் ஓய்வு பெறும் சடங்கு ஒன்று விவரிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. வயதாகி ஆட முடியாமல் போனவள் அரண்மனைக்குப் போய் அரசர் முன்னிலையில் காதிலிருந்து தோடுகளைக் கழற்றி ஒரு பலகையில் வைப்பாள். பன்னிரண்டு பணம் காணிக்கையாக வைத்துவிட்டுத் திரும்பி நடப்பாள். இதற்குத் 'தோடு வைத்தல்' என்று பெயர். தோடுகள் அவளிடமே திரும்ப வரும். ஆனால் மறுபடி அணியக்கூடாது, பாம்படம் மட்டும் போட்டுக்கொள்ளலாம். அதுவரை 'ஆடும் பாத்திரம்' ஆக இருந்தவள் அன்றிலிருந்து 'தாய்க்கிழவி'. அவளுக்கான கோயில் ஊதியம் நிற்காது, கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் ஊதியம் தொடர்வதற்கு இன்று ஓய்வூதியம் என்று பெயர். இதைப் பொற்காலமாகக் காட்ட நான் வரவில்லை. அந்தப் பெண்கள் பிறப்பால் கட்டப்பட்டவர்கள். அவர்கள் உடல்மீது அவர்களுக்கு இருந்த உரிமையைவிடக் கோயிலுக்கும் செல்வந்தர்களுக்கும் இருந்த உரிமை அதிகம். 1930இல் திருவிதாங்கூரில் தேவதாசி முறை ஒழிக்கப்பட்டது, அது ஒழிய வேண்டியதுதான். ஆனால் சென்னை மாகாணத்தில் இதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒன்றைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். அவர் கொண்டுவந்து 1929இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், தாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலங்களைக் கோயில் பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரியதாக்க வழி செய்தது. வேலையிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டு வாழ்வாதாரத்தைப் பிடுங்கிக்கொள்வது விடுதலையாகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மீட்பவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

*

கோயிலுக்குள் ஊதியத்தோடு வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்றால், கோயிலுக்கு வெளியே ஊதியமில்லாமல் வேலை செய்தவர்கள் அதைவிடப் பலர். திருவிதாங்கூருக்குத் தர்மபூமி என்று பெயர். மிஷனரி சாமுவேல் மட்டீர் 1871இல் எழுதிய நூலுக்கு அந்தப் பெயரையே தலைப்பாக வைத்தார். நாடெங்கும் ஊட்டுப்புரைகள் அமைத்துப் பிராமணர்களுக்கு இலவசமாகச் சோறு போட்டதால் வந்த பெயர் அது. அந்தத் தர்மத்துக்கு விறகும் காய்கறியும் சுமந்தவர்களில் பலர் ஊழியத்துக்குப் பிடித்துவரப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் வெட்டிய விறகு கோயில் மடப்பள்ளிவரை போகும், அவர்கள் போக முடியாது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே சுசீந்திரத்தில் 1926இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். யாருடைய உழைப்பில் தர்மம் நடக்கிறது என்ற கேள்வியைத் தர்மபூமி நெடுங்காலம் கேட்டுக்கொள்ளவேயில்லை.

பக்கத்து ஊரான மயிலாடிக்கு 1806இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே வந்தார். சில ஆண்டுகளில் திருவிதாங்கூரின் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ இரண்டு காரியங்கள் செய்தார். கோயில் சொத்துகளை அரசின் நிர்வாகத்தில் சேர்த்தார். கிறிஸ்தவர்களாக மாறியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் சார்ந்த ஊழியத்திலிருந்தும் விலக்கு வாங்கிக் கொடுத்தார். எங்கள் மக்களின் வரலாற்றில் இது சிறிய காரியமல்ல. வாரத்தில் ஒரு நாள் உன் உடம்பு உனக்குச் சொந்தம் என்று ஓர் அரசு முதன்முறை ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆனால் மொழியில் நடந்ததைக் கவனியுங்கள். ஒரு ஊழியத்திலிருந்து விடுபட்ட மனிதர்களை இன்னொரு ஊழியத்துக்கு அழைத்தார்கள். அழைப்பு அன்பானது, வற்புறுத்தல் இல்லாதது, பலருக்கு எழுத்தையும் மரியாதையையும் கொடுத்தது. சொல் மட்டும் மாறவில்லை. அந்தச் சொல்லோடு ஒட்டிவந்த 'கூலி கேட்காதே' என்பதும் முழுதாக உதிரவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் நாகர்கோவிலில் அதே காலத்தில் நடந்தது. 1819இல் அங்கு வந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். சில ஆண்டுகளில் அங்கே ரேந்தைப் பின்னல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். போர்ச்சுகீசியச் சொல் தமிழில் ரேந்தையாகிவிட்டது, எங்கள் பாட்டிமார் லேஸ் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தலையணை, கொஞ்சம் நூல்கட்டைகள், ஊசிகள், நல்ல கண்பார்வை. இவ்வளவுதான் முதலீடு. அந்தப் பள்ளியில் அடிமைக் குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே ரேந்தை பின்னிக் கிடைத்த காசைக் கொடுத்துச் சில பெண்கள் தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கி விடுதலையானார்கள்.

இந்த நிகழ்ச்சியை மிஷன் வரலாறுகள் கருணையின் கதையாகச் சொல்கின்றன. எனக்கு அது கூலியின் கதை. அந்தப் பெண்களை விடுவித்தது அவர்கள் கையில் வந்த காசு. அவர்கள் செய்ததைச் சேவை என்று பெயரிட்டு வெறும் சோறும் சேலையும் கொடுத்திருந்தால் அவர்கள் நல்ல பிள்ளைகளாக, அடிமைகளாகவே இருந்திருப்பார்கள். அதே பெண்கள் தோள்சீலை அணிந்ததற்காகத் தெருவில் தாக்கப்பட்டார்கள். 1822இல் தொடங்கிய அந்தப் போராட்டம் 1859 ஜூலை 26 அரசாணைவரை நீண்டது. அந்த ஆணையும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. கூலியும் உடையும் சேர்ந்துதான் ஒரு பெண்ணின் உடம்பை அவளுக்குரியதாக்கின.

மார்த்தா மால்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மிஷன் நியமித்தது அவர் கணவர் சார்லஸ் மால்ட்டை. மனைவி பள்ளி நடத்தினார், கைத்தொழில் கற்பித்தார், கணக்குப் பார்த்தார், ஆனால் சங்கத்தின் நியமனப் பட்டியலில் மிஷனரி என்று அவர் பெயர் இல்லை. அவர் சம்பளம் கணவரின் சம்பளத்துக்குள் கரைந்திருந்தது. நாகர்கோவிலின் பெண்களுக்கு முதல் கூலியை வாங்கிக் கொடுத்தவர் தனக்கென்று கூலி இல்லாதவர்.

*

அந்த நூற்றாண்டின் இறுதியில் இரட்சணிய சேனை நாகர்கோவிலுக்கு வந்தது. லண்டனின் ஏழைத் தெருக்களில் வில்லியம் பூத்தும் காதரின் பூத்தும் தொடங்கிய இயக்கம், இந்தியாவில் 1882இல் பம்பாயில் கால் வைத்தது. இன்று உலகின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்று. ஹாரி ஆண்ட்ரூஸ் 1890களில் நாகர்கோவிலில் சிறிய அளவில் மருந்து கொடுக்க ஆரம்பித்ததும், 1900இல் டாக்டர் பெர்சி டர்னர் வந்து அதை மருத்துவமனையாக வளர்த்ததும் இங்கே பலருக்குத் தெரிந்த கதை. அந்த மருத்துவமனைக்கு ஒரு பெண்ணின் பெயர், காதரின் பூத்.

அந்தப் பெயர் பொருத்தமானது. பெண்கள் பிரசங்கம் செய்யலாம் என்று வாதாடி 1859லேயே ஒரு சிறுநூல் எழுதியவர் காதரின். சேனையில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே பதவிகள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு பெண் 'கேப்டன்' என்று அழைக்கப்படுவது எவ்வளவு பெரிய காரியம்! 1891இல் சேனை லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையும் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால் பிரையன்ட் அண்ட் மே ஆலையின் தீப்பெட்டிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். தாடை எலும்பை அரிக்கும் வெள்ளை பாஸ்பரசை விலக்கி, சிவப்பு பாஸ்பரசில் தீக்குச்சி செய்து, மற்ற ஆலைகளைவிட அதிகக் கூலியும் சேனை கொடுத்தது. நியாயமான கூலி என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் சேனையின் சொந்த அதிகாரிகளுக்குச் சம்பளம் என்ற ஒன்று கிடையாது. இருப்பிடமும் செலவுப்படியும் உண்டு. ஆனால் அதை ஊதியமாக உரிமை கோரமாட்டோம் என்று ஏற்றுக்கொண்டுதான் சேர்கிறார்கள். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண்களுக்கு இன்னொன்றும் இருந்தது. பல நாடுகளில் நெடுங்காலம் தம்பதியருக்கான படி கணவர் பெயரில்தான் வழங்கப்பட்டது. பதவி சமம், சீருடை சமம், பிரசங்க மேடை சமம், காசு மட்டும் அவர் கையில். கோட்பாட்டில் சமத்துவம் பேசிய மிகச் சிறந்த நிறுவனங்களும் சம்பளக் கணக்கு எழுதும் மேசையில் வழுக்கியிருக்கின்றன.

தானாக விரும்பித் துறவு ஏற்பவரைப் பற்றி நான் பேசவில்லை. அவர் ஏற்கும் வறுமை அவருடைய அறம். அந்த அறத்தை, மாதச் சம்பளத்துக்கு வந்து துடைப்பம் பிடித்தவளிடமும் எதிர்பார்ப்பதுதான் பிரச்சினை. அத்தை எந்த உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டதில்லை. வேலை வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் கொடுத்தார், அவ்வளவுதான். அவர் வேலையை ஊழியமாக மாற்றியது நிர்வாகம். பிறகு அவரே அதை நம்பத் தொடங்கினார்.

*

மதத்தை மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாது. கோயிலில் கைங்கரியம், தேவாலயத்தில் ஊழியம் என்றால், அரசாங்கம் கண்டுபிடித்த சொல் தன்னார்வலர்.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பெண்களுக்கு அரசு கொடுப்பது சம்பளமல்ல, மதிப்பூதியம் என்றார்கள். தமிழில் இதைவிடக் கெட்டிக்காரச் சொல் கிடையாது. மதிப்பு என்று முன்னால் ஒட்டிவிட்டால் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்கள் அதிகாரபூர்வமாகவே தன்னார்வலர்கள். கோவிட் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரி 10இல் கேரளத்து ஆஷா பெண்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். கேட்டது மாதம் 21,000 ரூபாய், ஓய்வு பெறும்போது 5 லட்சம். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், தலைமுடியை வெட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் அந்தத் தலைநகரின் குடிமக்கள்தான். இங்கே பலர் வீட்டில் மலையாளச் செய்திச் சேனல்கள் ஓடும். அத்தை வீட்டிலும் ஓடியது.

சட்டம் இந்தக் கேள்வியை எப்போதோ நேருக்கு நேர் சந்தித்துவிட்டது. 1978 பிப்ரவரி 21இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். மருத்துவமனை, கல்விக்கூடம், தொண்டு நிறுவனம் எதுவானாலும், ஆட்களை வேலைக்கு வைத்து முறையாகச் சேவை வழங்கினால் அது 'தொழில்'தான், அங்கு வேலை செய்பவர்களுக்குத் தொழிற்தகராறு எழுப்பும் உரிமை உண்டு. அந்த வாதத்தின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன்: நீ ஏழைக்கு இலவசமாகக் கொடுக்கிறாய், சரி. அந்த இலவசத்தின் செலவை உன் வேலைக்காரியின் தலையில் கட்டாதே. சம்பளமே எதிர்பாராமல் பக்தர்களும் தொண்டர்களும் தாங்களாகக் கூடி நடத்தும் ஆசிரமம் போன்ற இடங்களுக்கு மட்டும் அவர் விலக்குக் கொடுத்தார். தர்மத்தைப் பெறுபவர் யார் என்று பார்க்காமல், உழைப்பவர் எந்த நிலையில் உழைக்கிறார் என்று பார்த்த தீர்ப்பு அது.

1982இல் நாடாளுமன்றம் தொண்டு நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து நீக்கத் திருத்தம் கொண்டுவந்தது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வரவேயில்லை. 2020இல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை மறுபடி எழுதியது. 2025 நவம்பர் 21இல் அது நடைமுறைக்கு வந்தது. முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ தொண்டு, சமூகப்பணி, மனிதநேயச் சேவை செய்யும் அமைப்புகளின் நிறுவனங்கள் இனி 'தொழில்' அல்ல. அந்த விலக்குப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: வீட்டுவேலை. நாட்டில் பெண்கள் அதிகமாக வேலை செய்யும் இரண்டு இடங்கள் ஒரே வரையறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் வெளியே நிறுத்தப்பட்டிருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. அன்பு, கடமை, தியாகம் என்று எங்கெல்லாம் சொல்கிறார்களோ அங்கெல்லாம் சட்டம் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வருகிறது.

முழுதாகச் சாத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, மகப்பேறுப் பலன் ஆகியவை வேறு சட்டங்களில் இருக்கின்றன. தர்மத்துக்காக நடத்துகிறோம் என்பது அங்கே பதிலாகாது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் பத்துப்பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் போதுமாயிருந்தது. ஆசிரியர்கள் அதில் வரமாட்டார்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2009இல் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டுச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரல் 25இல் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது ஊதியம்தான் என்று நீதிபதிகள் சொல்ல, திட்டம் தொடங்கி 47 வருடம் ஆயிற்று.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. ஓர் அறக்கட்டளை நடத்திய கல்லூரியில் முதல் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம் கர்ப்பமானேன். விடுப்புக் கேட்டபோது, "இங்கே எல்லாரும் அர்ப்பணிப்போடதான் இருக்கோம்மா. ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு, குழந்தை பிறந்து ஆறு மாசம் கழிச்சு வாங்க, புதுசாச் சேர்த்துக்கிறோம்" என்றார்கள். 1961லேயே மகப்பேறுப் பலன் சட்டம் வந்துவிட்டது என்று தெரியாத முனைவர் பட்ட ஆய்வாளர் நான். எழுதிக் கொடுத்தேன். விடுப்பாக இருந்திருந்தால் பணித் தொடர்ச்சி அறுந்திருக்காது. ராஜினாமா என்றதும் நான்கு வருடமும் பூஜ்யமாயிற்று. 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லை அதற்குப் பிறகு என் கவிதைகளில் நான் பயன்படுத்தியதில்லை.

*

2025 மார்ச் மாதக் கடைசியில் ஒரு மாலை, டி.வி.யில் திருவனந்தபுரத்துப் பெண்கள் முடி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை கேட்டார்: "இவளுகளும் ஊழியந்தானே மக்ளே செய்தாளுக? பின்ன எப்பிடிக் காசு கேக்குதாளுக?"

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 7,800 ரூபாய். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 300. வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி, 4,500. அதை 31ஆல் பெருக்கினால் 1,39,500 ரூபாய். சட்டப்படி முப்பது நாளில் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் உண்டு.

அத்தை தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தொகையைப் பார்த்து மலைக்கிறார் என்று நினைத்தேன். "முப்பத்தியொரு வருசத்தையும் எண்ணினியா?" என்றுதான் கேட்டார். யாரும் இதுவரை அதை அப்படி எண்ணியதில்லை. கடிகாரத்தில் தொடங்கிய ஆண்டும் முடிந்த ஆண்டும் மட்டுமே இருக்கின்றன.

ஆனாலும் அவர் உடனே சம்மதிக்கவில்லை. "அன்னம் போட்ட எடத்துல கேஸு குடுத்தா பாவம் வராதா?" என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். அந்தக் காசில் எத்தனை ஏழைகளுக்கு மருந்து வாங்கலாம் என்றார். தானும் ஏழை என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை. தோடு வைத்த தாய்க்கிழவியின் கதையை அவருக்குச் சொன்னேன். பாதிக் கதையில் நிறுத்தி, "வேலையை விட்ட பொறவும் குடுத்தாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ராஜா குடுத்தாரா, தர்மமா?" என்றார். தர்மமில்லை, அவளுடைய ஊதியம் என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் அவரே கூப்பிட்டு, அந்தத் தாளை எடுத்துவா என்றார். முதலில் நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து நிரப்பினோம். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும், இத்தனை வருடத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். பதில் இதுவரை வரவில்லை. அடுத்த படிவத்தை எழுதி வைத்திருக்கிறோம். அது எப்படி முடியும் என்று தெரியாது.

பெயர், முகவரி, சேர்ந்த தேதி எல்லாம் எழுதியபின் பதவி என்ற இடத்துக்கு வந்தோம். மருத்துவமனையில் அவருக்குப் பதவி நியமன ஆணை எதுவும் கொடுத்ததில்லை. "என்ன போடட்டும் அத்தே?" என்று கேட்டேன்.

"ஊழியக்காரின்னு போடு" என்றார்.

ஊழியர் என்று எழுதினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, கீழே தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.